பதின்மூன்று ராஜாக்களும் ஒரு குச்சி ஐஸும்

நம் மூத்தோர் ஐக்கியத்தின் கைப்பேசிக் குழுவில் தினமும் காலை ஏழு மணிக்குள் பதினெட்டுப் பச்சை அடையாளங்கள் விழுந்துவிடுகின்றன. இன்றைய வேதபகுதியை வாசித்தாயிற்று என்று அதற்கு அர்த்தம். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைக் காத்தவள் நான். வேலையை முடித்துவிட்டு அடையாளம் போடுவது, அடையாளம் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது, வேலையே செய்யாமல் அடையாளம் மட்டும் போடுவது என்று மூன்று முறைகளையும் கண்டிருக்கிறேன். ஆகவே உங்களில் யாரையும் குறை சொல்லப்போவதில்லை. மூன்றாவது முறையை நான் பத்து வயதிலேயே கையாண்டவள்.

போன வாரம் குழுச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, நீங்க ஒரு நாள்கூட விட்டதில்லன்னு சொல்றாங்க. எப்படின்னு எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும் லா." ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயமில்லை. தவிர, அதில் எனக்குப் பெருமை கொஞ்சந்தான். பெருமையின் பெரும்பங்கு என் அம்மாவைச் சேர்ந்தது.

உங்களில் பாதிப் பேர் சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். வர்ணித்து நேரத்தைக் கடத்த மாட்டேன். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்தது எங்கள் தோட்டம். இன்றைக்கு அங்கே செம்பனை. அப்போது ரப்பர். அம்மா பால்வெட்டுக்காரி, அவள் பங்கு வரிசையான நெரையில் நானூறு மரம். விடியுமுன் போய் ஒவ்வொரு மரத்திலும் ஒரு மெல்லிய சீவல் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் வராது. மழைக்குப் பயந்தோ வீட்டு ஞாபகத்திலோ நாலு மரத்தைச் சீவாமல் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அதற்கு 'மரம் விடுவது' என்று பெயர். கண்காணிக்கும் மண்டோர் வந்து பார்க்கையில் அந்த மரத்துக் கோப்பை மட்டும் காய்ந்து கிடக்கும். பிறகு அந்த ஆளின் பெயர் ஒரு வாரத்துக்கு லயத்து வீடுகளில் அடிபடும். அம்மாவின் நெரையில் மண்டோர் ஒரு நாளும் காய்ந்த கோப்பையைக் கண்டதில்லை. அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமை அது ஒன்றுதான்.

எங்கள் சபைக்குக் கோயில் கிடையாது. வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையாக இருக்கும் இடம் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடமாகும். தொட்டில் துணிகளையெல்லாம் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிடுவார்கள். புளித்த பால் வாசம் மட்டும் சுருட்டலுக்கு அடங்காது. மாதத்தின் முதல் ஞாயிறு கோல சிலாங்கூரிலிருந்து போதகர் ஸ்கூட்டரில் வருவார். அன்றைக்குத்தான் இராப்போஜனப் பந்தி. விரல் உயரக் கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சை ரசம்.

அந்தப் பந்திக்கு முன்னால் போக ஒரு விதி இருந்தது. தினமும் வேதம் வாசிக்கிறவர்தான் பந்திக்கு உரியவர்; அதற்கு அத்தாட்சியாகச் சபை மூப்பர் முன்னிலையில் ஒரு பகுதியை வாசித்துக்காட்ட வேண்டும். என் அப்பா கல்யாணத்துக்கு முன்பே அரைப் பக்கம் வாசித்துக்காட்டித் தேறியவர். சபை அவருக்கு ஒரு வேதப்புத்தகமும் கொடுத்தது. அதை அவர் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்தார். பிறகு திறக்கவில்லை. ஆனாலும் விதிப்படி அவர் தகுதி பெற்றவர். மாதந்தோறும் முன்னால் போய் வந்தார்.

அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள். பிறந்தது முதல் சபைக்கு வருகிறவள், ஆனால் பந்திக்கு இல்லை. கடைசி பெஞ்சில் இருப்பாள். முன்னால் போகிற பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை அவள் மடியில் விட்டுப் போவார்கள். அவள் எப்படியும் போகப்போவதில்லையே. சில ஞாயிறுகளில் மூன்று குழந்தைகள்கூட மடியிலும் தோளிலுமாகக் கிடக்கும். அவள் அவற்றைத் தட்டிக்கொண்டே முன்னால் மண்டியிட்டிருப்பவர்களின் முதுகுகளைப் பார்ப்பாள். எனக்குத் தெரிந்தே பத்து வருடம் அப்படிப் பார்த்தாள்.

ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்து நின்ற ஒரு மாதத்தில், ஆராதனை முடிந்து ஸ்கூட்டரை மிதிக்கப்போன போதகரிடம் அவளே போய் நின்றாள்.

"ஐயா, எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. யாராச்சும் தெனமும் வாசிச்சா கேப்பேன். கேட்டத அப்படியே சொல்லுவேன். அது சேருங்களா?"

போதகர் பக்கத்தில் நின்ற மூப்பரைப் பார்த்தார். மூப்பர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி, ஆபீஸ் தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, தங்க ஓரமிட்ட கறுப்புத்தோல் வேதப்புத்தகம் கக்கத்தில்.

"விதியிலை வாசிக்க வேணும் எண்டுதான் கிடக்கு, ஐயா. கேக்கிறதுக்கு இடமில்லை."

"இனிமே இருக்கட்டும்," என்றார் போதகர். "முதல் சுவிசேஷம் முழுசும் மனசுல இருக்கணும்மா. எங்க கேட்டாலும் சொல்லணும். ஆறு மாசம் போதுமா?"

"எவ்வளவுங்க அது?"

போதகர் புத்தகத்தைப் புரட்டிக் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு ஆறு வசனம் வந்தது. நானூறு மரத்தை ஒரு காலையில் முடிக்கிறவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. "செஞ்சிடலாங்க," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியிருந்தேன். நியமனம் அந்த நிமிடமே நடந்தது. விண்ணப்பம், நேர்முகம், சம்மதம் எதுவும் கேட்கப்படவில்லை.

மறுநாளிலிருந்து பிற்பகல் மூன்று மணி வேதத்துக்கு ஒதுக்கப்பட்டது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் அம்மா, பொதுக் குழாயில் குளித்துவிட்டு வாசல் பலகையில் உட்காருவாள். விரலிடுக்கில் காய்ந்த பாலை உரித்துச் சிறு உருண்டையாக்கிக்கொண்டே கேட்பாள். எவ்வளவு கழுவினாலும் அந்த நாற்றம் அவள் கையை விடாது. அதனால் புத்தகத்தை அவள் தொடுவதே இல்லை. டின்னைத் திறப்பது, கோதுமை மாவுப் பைத் துணியைப் பிரிப்பது, பக்கம் புரட்டுவது எல்லாம் என் பொறுப்பு. நான் ஒரு வசனத்தை இரண்டு முறை வாசிப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை சொல்வாள். தப்பு வந்தால் மறுபடி. ஆறும் முடிந்ததும் ஆறையும் சேர்த்து. அதற்குப் பிறகு நேற்றைய ஆறு.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்த வீட்டு அத்தை மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். அவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பார்: "ஏண்டி வேதக்காரி, மரம் வெட்டுனது பத்தாதுன்னு பாடமும் வெட்டுறியா?"

"நீ வேணா வந்து குந்து. காசா கேக்கப் போறேன்?"

"இங்க இருந்தே காது கேக்குது, போ."

இனி என் குற்றம். முதல் சுவிசேஷம் ஒரு பெயர்ப் பட்டியலில் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார். முதல் நாள் தாவீது, சாலொமோன் வரைக்கும் நல்லபடியாக வந்துவிட்டோம். இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் மூன்றேகால் மணிக்கு ஐஸ்காரர் சைக்கிளில் வருவார். ஆபீஸ் ரோட்டு முனையில் மணியை ஆட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார், போய்விடுவார். குச்சி ஐஸ் ஐந்து காசு. அந்த ஐந்து காசு என் கைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் வாயில் நுழையாத பெயர்களாகப் பதின்மூன்று ராஜாக்கள் வரிசையில் நின்றார்கள். மணி கேட்டது.

பதின்மூன்று பேரையும் தாண்டினேன். தாண்டியதோடு விடவில்லை; அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து நானே ஒரு முடிச்சுப் போட்டேன். சாலொமோன் சலாத்தியேலைப் பெற்றான் என்று தெளிவாக, இரண்டு முறை வாசித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "சாலொமோன் சலாத்தியேலைப் பெற்றான்," என்றாள். பிற்காலத்தில் இதே வேலையைக் கோப்புகளில் செய்த இரண்டு பேருக்கு நான் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிவப்பு நிறத்தில் ஐஸ் கிடைத்தது.

இன்னொன்றும் செய்தேன். எங்கே தாண்டினேன் என்பது மறந்துபோய் என்றைக்காவது அந்த இடத்தை வாசித்துத் தொலைத்தால் குட்டு உடைந்துவிடுமே. ஆகவே தாண்டிய இடத்தில் ஓரமாக நகத்தால் ஒரு கீறல் போட்டுவைத்தேன். பதிவில்லாமல் ஒரு தவறைக்கூடச் செய்ய வராத பிறவி நான். ஆறு மாதத்தில் அப்படி ஒன்பது கீறல்கள் ஆயின. ஒன்பதும் செவ்வாய் அல்லது வெள்ளி.

மரங்கள் துளிர்த்துத் தழைத்து, ரப்பர்க் கொட்டைகள் வெடிக்கும் காலம் வந்தது. சோதனை அன்று ஆயாக் கொட்டகைத் தகரத்தில் நிமிடத்துக்கொரு கொட்டை விழுந்து சத்தம் கிளப்பியது. ஆராதனை முடிந்து, பந்தி தொடங்குமுன் சோதனை; ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அம்மா கல்யாணப் புடவையில் நின்றாள். போதகர் நாற்காலியில். கிராணி ஐயா புத்தகத்தோடு பக்கத்தில்.

"எங்கேயிருந்து கேட்கலாம்?" என்றார் போதகர்.

"முதல்லை இருந்து தொடங்கட்டும். அதுதான் முறை," என்று கிராணி ஐயா முதல் பக்கத்தைத் திறந்தார். திறக்கும்போது தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து சடசடவென்று ஒரு மெல்லிய சத்தம் வந்தது. எனக்கு ஏனோ அந்தச் சத்தம் ஞாபகத்தில் நின்றுவிட்டது.

அம்மா கண்ணை மூடினாள். ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்து, மூச்சு மாறாமல், விடியற்காலைப் பெரட்டில் ஆள்கணக்குக்குப் பேர் கூப்பிடுவதுபோல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வந்தாள். தாவீது வந்தார். சாலொமோன் வந்தார். பிறகு சலாத்தியேல் வந்துவிட்டார்.

"நில்லும், நில்லும்," என்று கிராணி ஐயா கையைத் தூக்கினார். "சாலொமோன் சலாத்தியேலைப் பெத்தவனோ? நடுவிலை நானூறு வருசம் எங்கை போட்டுது?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மா கண்ணைத் திறந்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்படித்தாங்க இருக்கு," என்றாள்.

"எங்கை இருக்கு? பதின்மூண்டு ராசாக்களைக் காணேல்லை." அவர் போதகர் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னனான், ஐயா. ஆரோ நாலு கதையைச் சொல்லிக் குடுத்து விட்டிருக்கினம். இதைத் தினவாசிப்பு எண்டு எடுக்கேலாது."

"இல்லீங்க ஐயா," என்றாள் அம்மா. "எம்மக தெனமும் வாசிச்சா. ஒரு நாளு விடல. எம்மக நல்லா வாசிப்பா."

நண்பர்களே, என் உத்தியோகக் காலத்தில் மந்திரிகள் முன்னால் நின்றிருக்கிறேன்; தணிக்கைக்காரர்கள் முன்னால் நின்றிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் போன்ற சோதனை பிறகு எனக்கு வரவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அம்மா பொய்க்காரி. திறந்தால் நான். எழுந்து நின்றேன்.

"நாந்தான் ஐயா விட்டுட்டேன். ஐஸ்காரரு வந்துட்டாரு."

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. மண்டோர் கேட்கிற அதே குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தன மரம் விட்ட?"

"ஒம்போது எடம்மா."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லம்மா. பிள்ளை செஞ்ச தப்பு. நீங்க கேட்டத அப்படியே சொன்னீங்க, அதுவே போதும். இன்னைக்கே பந்திக்கு வாங்க," என்றார்.

பத்து வருடம் அவள் பார்த்துக்கொண்டிருந்த இடம் இருபது அடி தூரத்தில் இருந்தது. அம்மா அதை ஒருமுறை பார்த்தாள்.

"வேணாங்கய்யா," என்றாள். "விட்ட மரத்த வெட்டாம பால் நிறுக்க வர்றது இல்லீங்க. அடுத்த மாசம் வர்றேன்."

சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கும் இரண்டு குழந்தைகள் அவள் மடிக்கு வந்து சேர்ந்தன.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாம்பல் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். எலுமிச்சம்பழம் தேய்த்து நாலாவது தடவை. பிறகு முதன்முறையாகப் புத்தகத்தைத் தன் கையாலேயே டின்னிலிருந்து எடுத்து என் முன் வைத்தாள். "காட்டு." ஒவ்வொரு கீறலாகக் காட்டினேன். அவள் பெருவிரலால் அதைத் தடவிப் பார்த்தாள். மரப்பட்டையில் வெட்டு எங்கே முடிந்தது என்று இருட்டிலும் விரலால் கண்டுபிடிக்கிறவள் அவள். மூன்றாவது கீறலுக்குப் பிறகு நான் காட்டத் தேவைப்படவில்லை. தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய் அவளே நிறுத்தினாள். என் அம்மா வாசித்த முதல் எழுத்து என் நகக்கீறல். அப்பா சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து ஐஸ்காரர் வரும் நேரத்தில் அவரும் வாசல் பலகையில் வந்து உட்கார்ந்தார். காவலுக்கு என்றார். பிறகு காவலை அவர் விடவே இல்லை.

அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் ராஜாக்கள் நடமாட்டம். ரெகொபெயாம், அபியா, ஆசா, யோசபாத் என்று அரிசி களையும்போதும் அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமும் பாடம் ஏறியது. ஒரு நாள் அத்தை தன் சேவலைத் துரத்திக்கொண்டு ஓடினார்: "ஏய் மனாசே, அடுப்படிக்கா போற? ஆமோன் எங்கடி, இவளே? பொழுதுக்கும் மேய்ச்சல்!" தீமிதிக்கிற வீட்டில் யூதாவின் ராஜவம்சம் கூரையேறிக் கூவியது.

அடுத்த முதல் ஞாயிறு மறுபடியும் கொட்டகை, மறுபடியும் கல்யாணப் புடவை. கிராணி ஐயா விரலை வரிசையில் வைத்துக்கொண்டு வர, அம்மா பதின்மூன்று ராஜாக்களையும் ஒருவர் பின் ஒருவராக நடத்திக் கொண்டுவந்து சலாத்தியேலிடம் ஒப்படைத்தாள்.

"சரி, போதும்," என்று கிராணி ஐயா புத்தகத்தை மூடப்போனார்.

"இன்னும் எட்டு எடம் இருக்குங்கய்யா," என்றாள் அம்மா.

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். கிராணி ஐயா பார்க்கவில்லை. "முறை முறைதானே. சொல்லும்," என்று பக்கத்தைத் திருப்பினார். எட்டு இடமும் சொல்லி முடிக்கப்பட்டது. கொட்டகையில் ஒரு குழந்தைகூட அழவில்லை என்று எழுத ஆசை. உண்மையில் இரண்டு அழுதன. அம்மா நிறுத்தவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் எனக்குத் தங்க ஓரமிட்ட ஒரு வேதப்புத்தகம் கொடுத்தார்கள். புதிதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தாள்கள் சடசடவென்று பிரிந்தன. ஒருமுறை திறந்த பக்கத்தில் அந்தச் சத்தம் திரும்ப வருவதில்லை. அப்போதுதான் உறைத்தது. ஞாயிறுதோறும் கக்கத்தில் பார்த்த கிராணி ஐயாவின் புத்தகத்தில் அந்தப் பக்கம் அதுவரை திறக்கப்படாமலே இருந்திருக்கிறது. விதியைக் கைக்கொண்டவர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாதவள் கைக்கொண்டாள். இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நியாயமாக இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது சோதனையில் எட்டு இடங்களுக்கு அவர் பக்கம் திருப்பினார். எட்டில் ஓரிடத்திலும் சத்தம் வரவில்லை. அந்த ஒரு மாதத்தில் அவரும் உட்கார்ந்து முழுவதையும் வாசித்திருக்கிறார். சிறு வயதில் அவரை எங்கள் எதிரி என்றே நினைத்திருந்தேன்.

அந்த இரண்டாவது சோதனை அன்றைக்கு, பந்திக்கு அம்மா எழுந்ததும் கூடத்தில் ஒரு சிக்கல் வந்தது. முன்னால் போக வேண்டிய பெண்கள் பழக்கதோஷத்தில் குழந்தைகளை நீட்டிக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். மடி இல்லை. மடிக்கு உரியவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். லோரிக்காரர் மனைவி கைக்குழந்தையோடு நடுவில் தடுமாறி நின்றாள். கிராணி ஐயா தம் புத்தகத்தை நாற்காலியில் வைத்தார்.

"இங்கை தா, பிள்ளை," என்று இரண்டு கையையும் நீட்டினார்.

வெள்ளைச் சட்டையின்மேல் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கேயிருந்து அவர் என் அம்மாவின் முதுகைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எலுமிச்சம்பழம் மணக்கும் அந்தக் கை கிண்ணத்தை வாங்கியது.

நாளைய நம் வேதபகுதி முழுக்கப் பெயர்ப் பட்டியல், நாற்பத்தொரு வசனம். பார்த்து வைத்திருப்பீர்கள். என் பச்சை அடையாளம் காலை ஏழு மணிக்கு வராது. மூன்று மணிக்கு வாசல் பக்கம் உட்கார்ந்து, சத்தமாக, ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை வாசிப்பேன். முடித்த பிறகு போடுகிறேன்.